ஃபிரேம் வீதத்தை மாற்றும்போது வீடியோவின் ஓட்டம் கெடாமல் காப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ என்பது அடுத்தடுத்து வேகமாகக் காட்டப்படும் அசையாப் படங்களின் வரிசை; அந்தப் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். இப்பக்கத்தில் '24 ஃபிரேம்', '30 ஃபிரேம்' என்று வரும் இடங்களிலெல்லாம் நொடிக்கு அத்தனை ஃபிரேம் என்றே பொருள் கொள்ளவும். 'திக்கல்' என்று குறிப்பிடுவது, சீராக நகர வேண்டிய உருவம் அவ்வப்போது நின்று, தாவி, மீண்டும் நகர்வதுபோல் தோன்றும் குறையை.

வீதத்தை மாற்றியதும் வீடியோ திக்கித் திக்கி ஓடுவது ஏன்?

ஓட்டம் கண்ணுக்குச் சீராகத் தெரிய வேண்டுமானால், ஃபிரேம்கள் படம்பிடிக்கப்பட்ட கால இடைவெளியும் அவை திரையில் காட்டப்படும் கால இடைவெளியும் ஒன்றோடொன்று பொருந்தி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்தப் பொருத்தம் குலைந்தால்தான் திக்கல் பிறக்கிறது. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு செய்தியிலிருந்தே கிடைத்துவிடும் என்பதால், ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

30 ஃபிரேமில் எடுத்த ஒரு காட்சியில் பேருந்து ஒன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஒரே வேகத்தில் கடந்து செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிரேமுக்கு ஃபிரேம் அது 12 பிக்சல் நகர்கிறது. இதை 25 ஃபிரேமாக மாற்றச் சொன்னால், வேறு எதுவும் சொல்லப்படாத நிலையில், மென்பொருள் ஆறு ஃபிரேமுக்கு ஒன்றை எடுத்து எறிந்துவிட்டு மீதி ஐந்தையும் 40 மில்லிநொடிக்கு ஒன்றாக அடுக்குகிறது. இப்போது பேருந்து 12, 12, 12, 12 என்று நகர்ந்து, எறியப்பட்ட ஃபிரேம் இருந்த இடத்தில் ஒரேயடியாக 24 பிக்சல் தாவுகிறது. நொடிக்கு ஐந்து முறை இது நடக்கும். மனிதர்கள் உட்கார்ந்து பேசும் காட்சியில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் காட்சியிலோ, மேலேறும் எழுத்துகளிலோ குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டினால் ஓட்டம் வழுவழுப்பாகிவிடாதா?

படம்பிடிக்கும்போதே கூட்டினால் ஆகும். எடுத்து முடித்த வீடியோவில் கூட்டினால், ஏற்கெனவே உள்ள ஃபிரேம்களே மீண்டும் மீண்டும் காட்டப்படும். அல்லது இல்லாத ஃபிரேம்களைக் கணினி ஊகித்து வரைய வேண்டியிருக்கும். 1920-களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது நிலைபெற்ற 24 ஃபிரேம் இன்றும் திரையரங்கில் சீராகவே ஓடுகிறது. ஆகவே எண்ணிக்கையைவிட இடைவெளியின் சமன்தான் முக்கியம். சமமான 24, சமனற்ற 30-ஐவிடக் கண்ணுக்கு இதமானது என்பதை ஒரே காட்சியை இரு விதமாகவும் ஓட்டிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

முதலில், மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. யூடியூப் போன்ற தளங்கள் 24, 25, 30, 48, 50, 60 ஆகிய எல்லா வீதங்களையும் அப்படியே ஏற்கின்றன. எடுத்த வீதத்திலேயே ஏற்றும்படிதான் அவையும் பரிந்துரைக்கின்றன. தொலைக்காட்சி ஒளிபரப்பு போல வீதத்தை வரையறுத்துக் கேட்கும் இடத்துக்குக் கொடுப்பதானாலோ, வெவ்வேறு வீதங்களில் எடுத்த காட்சிகளை ஒரே படமாக இணைப்பதானாலோ மாற்றம் தவிர்க்க முடியாதது. 'சினிமா போல இருக்கட்டும்' என்பதற்காக 30-ஐ 24 ஆக்குவது மட்டும் வேண்டாம். அதனால் சினிமாத் தோற்றம் வராது, திக்கல்தான் வரும்.

மூல வீடியோவின் வீதத்தை எப்படி உறுதி செய்வது? 23.976, 29.97 என்று பின்ன எண்கள் வருகின்றனவே?

'மீடியாஇன்ஃபோ' என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் வீதமும், அந்த வீதம் நிலையானதா மாறுவதா என்பதும் தெரியும். கோப்பின் பெயரையோ கேமராவின் திரையில் தெரியும் எண்ணையோ நம்பக் கூடாது. பல கேமராக்கள் '30' என்று காட்டிவிட்டு 29.97-இல்தான் பதிவு செய்கின்றன.

அந்தப் பின்னத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1941-இல் வகுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் தரம் 30 ஃபிரேம் கொண்டதாக இருந்தது. 1953-இல் வண்ணம் சேர்க்கப்பட்டபோது, வண்ணத் தகவலைச் சுமக்கும் அலையும் ஒலியைச் சுமக்கும் அலையும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுப் படத்தில் கோலம் போட்டன. ஏற்கெனவே வீடுகளில் இருந்த பெட்டிகள் பயனற்றுப் போகக் கூடாது என்பதால் ஒலி அலையைத் தொடாமல், ஃபிரேம் வீதத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அப்படிப் பிறந்த எண் 30000-ஐ 1001-ஆல் வகுத்தால் வருவது. அதையே சுருக்கி 29.97 என்கிறோம். அதன் உறவினர்களே 23.976-உம் 59.94-உம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் பரவிய 25 ஃபிரேம் முறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று அலட்சியமாக விடவும் முடியாது. 23.976 ஃபிரேம் வீடியோவை 24 ஃபிரேம் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) போட்டு, வேகத்தைத் தொடாமல் விட்டால், ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரட்டிப்பாகும். 29.97-ஐ 30-இல் போட்டால் 33 நொடிக்கு ஒருமுறை. 'எப்போதாவது ஒருமுறை லேசாகத் தடுக்குகிறது, காரணம் புரியவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான். தீர்வும் எளிது: டைம்லைனை மூலத்தின் பின்ன வீதத்துக்கே அமைக்கலாம், அல்லது படத்தையும் ஒலியையும் சேர்த்து 0.1 சதவீதம் வேகம் மாற்றலாம். அந்த வேறுபாட்டைக் காதும் உணராது, கண்ணும் உணராது.

கைபேசியில் எடுத்த வீடியோ எடிட்டிங்கில் மட்டும் ஏன் சண்டித்தனம் செய்கிறது?

பல கைபேசிகள் நிலையான வீதத்தில் பதிவு செய்வதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ செயலி சூடேறினாலோ அவை வீதத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமும் எப்போது காட்டப்பட வேண்டும் என்ற நேரக்குறிப்பு கோப்பில் இருப்பதால், கைபேசியிலேயே பார்க்கும்போது குறை தெரியாது. எடிட்டிங் மென்பொருள்களோ நிலையான வீதத்தை எதிர்பார்ப்பவை. அவற்றில் சில நேரக்குறிப்பைப் பொருட்படுத்தாமல் ஃபிரேம்களை வரிசையாக அடுக்கிவிடும். அப்போது படம் ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாக விலகிப் போகும். கணினித் திரைப்பதிவுக் கோப்புகள் சிலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

எடிட்டிங்கைத் தொடங்கும் முன்பே இத்தகைய கோப்புகளை நிலையான வீதத்துக்கு மாற்றிவிட வேண்டும். 'ஹேண்ட்பிரேக்' கருவியில் வீடியோப் பகுதிக்குப் போய், கைபேசியில் தேர்ந்திருந்த வீதத்தையே (30 என்றால் 30, 60 என்றால் 60) குறிப்பிட்டு, நிலையான வீதம் என்ற விருப்பத்தைத் தேர்ந்து, தரத்தைச் சற்று உயர்த்தி வைத்து மாற்றினால் போதும். மீடியாஇன்ஃபோ சராசரியாகக் காட்டும் 29.87 போன்ற எண்ணை அப்படியே கொடுப்பது தவறு. அந்த எண் எந்தத் திரைக்கும் எந்த டைம்லைனுக்கும் பொருந்தாது.

இருட்டில் 24-க்கு இறங்கி, வெளிச்சத்தில் 30-க்கு ஏறிய பதிவானால், எந்த மாற்றமும் அந்த இறக்கத்தை முழுமையாக மறைக்காது. அடுத்த முறை எடுக்கும்போது வீதத்தையும் ஷட்டரையும் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரத்தையும்) பூட்டி வைக்க உதவும் கேமராச் செயலியைப் பயன்படுத்துவதே வழி.

எந்தெந்த மாற்றங்கள் குறையில்லாமல் நடக்கும்?

ஒரு வீதம் இன்னொன்றால் மீதியின்றி வகுபடுமானால் இடைவெளி குலையாது. 25-ஐ 50 ஆக்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முறை வரும். 30-ஐ 60 ஆக்கினாலும் அப்படியே. புதிதாக வழுவழுப்பு எதுவும் சேராது. ஆனால் இருந்ததும் போகாது. நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரைகளில் 24, 30, 60 ஆகிய மூன்றும் மீதியின்றி அடங்குவது அவற்றின் பெரிய வசதி. அதே திரையில் 25-க்கும் 50-க்கும் அந்த வசதி இல்லை.

எண்ணிக்கையைக் குறைக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. 60-ஐ 30 ஆக்க ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் இடைவெளி சமமாகவே இருக்கும். ஆனால் 60 ஃபிரேமில் எடுத்தபோது ஷட்டர் நொடியில் 120-இல் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவின் மங்கல் குறைவாக இருக்கும். 30-க்கு இறங்கியதும் அந்தக் கூர்மையே விட்டுவிட்டுத் தெரிவது போன்ற உணர்வைத் தரும். இணை ஃபிரேம்களை நீக்காமல் இரண்டிரண்டாகக் கலந்து ஒன்றாக்கினால் மங்கல் ஓரளவு திரும்பக் கிடைக்கும். அடிக்கடி கவனிக்கப்படாமல் போனாலும், விளையாட்டுக் காட்சிகளுக்கு நல்ல பலன் தரும் உத்தி இது.

24-ஐ 25 ஆக்குவது எப்படி?

வேகத்தைக் கூட்டுங்கள், ஃபிரேம்களைத் தொடாதீர்கள். 24 ஃபிரேம் படத்தை அப்படியே நொடிக்கு 25 என ஓடவிட்டால் எல்லா ஃபிரேமும் இருக்கும், எல்லா இடைவெளியும் சமமாக இருக்கும். ஓட்டத்தின் அளவில் பார்த்தால் இது பழுதே இல்லாத மாற்றம். 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் தொலைக்காட்சிகள் திரைப்படங்களைப் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் ஒளிபரப்பின. அதற்கான விலை 4.17 சதவீத வேகம்: 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். ஒலியையும் அதே அளவு வேகப்படுத்தினால் சுருதி ஏறத்தாழ 0.7 அரைச்சுரம் உயரும். பேச்சில் பலர் உணரமாட்டார்கள். பாட்டில் தேர்ந்த காது உடனே பிடித்துவிடும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி இன்று பெரும்பாலான ஒலி மென்பொருள்களில் உண்டு. அதைப் பயன்படுத்தி, தாளக் கருவிகளின் அடி மழுங்கியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

25-ஐ 24 ஆக்குவதும் இதே வழியில்தான். வேகம் 4 சதவீதம் குறையும். 50-இலிருந்து 24 வேண்டுமானால், ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கி 25 ஆக்கி, பிறகு அதை 24-இல் ஓடவிடலாம். வசனவரிகள் இருந்தால் அவற்றின் நேரங்களையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 24-இலிருந்து 25-க்குப் போனால் ஒவ்வொரு நேரத்தையும் 0.96-ஆல் பெருக்க வேண்டும். தொடக்கத்தில் பொருந்திய வசனவரி போகப்போக விலகுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

24-ஐ 30 அல்லது 60 ஆக்க வேண்டியிருந்தால்?

இங்கே வேகத்தை மாற்ற முடியாது. 25 சதவீதம் கூட்டினால் எல்லாரும் கோமாளிகளாக நடப்பார்கள். ஃபிரேம்களைத் திரும்பக் காட்டுவதே மரபான வழி. 60-க்குப் போகும்போது ஒரு ஃபிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையுமாக மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். அதாவது ஒரு ஃபிரேம் 50 மில்லிநொடியும் அடுத்தது 33 மில்லிநொடியும் நிற்கும். மெதுவாகக் கேமரா திரும்பும் காட்சியில் இதன் நடுக்கம் தெரியும் என்றாலும், பல தலைமுறைப் பார்வையாளர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள்.

30-க்குப் போனால் நான்கு ஃபிரேமுக்கு ஒன்று இரட்டிப்பாகும். இது 60-க்குப் போவதைவிடத் தெளிவாகத் தெரியும் குறை. ஆகவே 60-ஐ ஏற்கும் இடமானால் 30-ஐத் தவிர்ப்பது நல்லது. கோப்பை 24-ஆகவே விட்டு, மாற்றும் வேலையைப் பார்வையாளரின் கருவியிடம் ஒப்படைப்பது அதைவிட நல்லது. அவருடைய திரை 120 ஹெர்ட்ஸ் ஆனால் அவருக்கு எந்தக் குறையும் இருக்காது. கோப்பிலேயே இரட்டித்துக் கொடுத்துவிட்டால் எந்தத் திரையாலும் அதை மீட்க முடியாது.

30-ஐ 25 அல்லது 24 ஆக்க வேண்டியிருந்தால்?

நேர்மையாகச் சொன்னால், எல்லா மாற்றங்களிலும் இதுவே மோசமானது. நான்கு வழிகள் உள்ளன. நான்கிலும் ஏதோ ஒன்றை இழந்தாக வேண்டும்.

ஃபிரேமை எறிவது முதலாவது. முன்னே சொன்ன பேருந்துத் தாவல் வரும். அசைவு குறைந்த நேர்காணல்களுக்கு இதுவே போதும். படக் கூர்மை துளியும் குறையாது.

அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலப்பது இரண்டாவது. தாவல் மங்கலாகக் கரைந்துவிடும். ஆனால் அசையும் பொருளைச் சுற்றி நிழல்போல் இன்னோர் உருவம் தெரியும்; நிறுத்திப் பார்த்தால் ஒரு கைக்கு இரண்டு கை இருக்கும்.

அசைவைக் கணித்து இடைப்பட்ட ஃபிரேம்களைப் புதிதாக வரைவது மூன்றாவது. சரியாக அமைந்தால் மிகச் சீரான ஓட்டம் இதில்தான் கிடைக்கும். தவறினால் என்னாகும் என்பதற்கு அடுத்த விடையைப் பார்க்கவும்.

நான்காவது வழியைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. பேச்சோ பாட்டோ இல்லாத காட்சியானால், 30-இல் எடுத்ததை 24-இல் அப்படியே ஓடவிடலாம். 80 சதவீத வேகத்தில் காட்சி லேசாக நிதானப்படும். மரம், கடல், நடந்து போகும் மனிதர் போன்ற இணைப்புக் காட்சிகளுக்கு இது அழகாகவே பொருந்தும். ஒரு ஃபிரேம்கூட வீணாகாது. 60-இல் எடுத்ததை 24-இல் ஓடவிட்டால் 40 சதவீத வேகத்தில் நல்ல மெதுவோட்டம் கிடைக்கும். ஒரே படத்தில் இந்த நான்கையும் காட்சிக்குக் காட்சி மாற்றிப் பயன்படுத்தலாம். முழுப் படத்துக்கும் ஒரே முறையைத் திணிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை.

இடை ஃபிரேம்களை வரையும் 'ஆப்டிகல் ஃப்ளோ', செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எவ்வளவு நம்பலாம்?

இவை இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டு, இதிலுள்ள இந்தப் புள்ளி அதில் எங்கே போயிருக்கிறது என்று தேடி, நடுவில் அது எங்கே இருந்திருக்கும் என ஊகிக்கின்றன. 'டாவின்சி ரிசால்வ்', 'பிரீமியர்' போன்ற எடிட்டிங் மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. 'ரைஃப்' போன்ற நரம்பியல் வலைக் கருவிகள் பழைய முறைகளைவிட வேகமாகவும் துல்லியமாகவும் ஊகிக்கின்றன. தெளிவான பின்னணியில் ஒருவர் நடந்து வந்தால் விளைவு வியப்பூட்டும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி வடிவங்கள் வரும் இடத்தில். சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு சிறுமி ஓடுகிறாள். கம்பிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் எந்தக் கம்பி எந்தக் கம்பி என்று கணினிக்குக் குழம்பிவிடும். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், ஒரு ஃபிரேமில் கம்பிகள் நேராக நிற்கும். வரையப்பட்ட அடுத்த ஃபிரேமில் அவை சிறுமியின் தோளோடு சேர்ந்து ரப்பர்போல் வளையும். அதற்கடுத்ததில் மீண்டும் நேராகிவிடும். ஓடவிட்டால் இது அவளைச் சுற்றி நீர் அலைவதுபோல் தெரியும். மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரங்கள், தண்ணீர்த் தெளிப்பு, புகை, பறக்கும் முடி, மினுங்கும் விளக்கு ஆகியவையும் இதே வகை. ஸ்கிப்பிங் கயிறு போன்ற மெல்லிய, வேகமான பொருள் நடு ஃபிரேமில் காணாமலே போகும்.

காட்சி மாறும் வெட்டு இன்னொரு பொறி. வெட்டுக்கு முந்தைய ஃபிரேமையும் பிந்தையதையும் கலந்து, ஒருவர் முகம் இன்னொருவர் முகமாக உருகும் ஒரு ஃபிரேமை மென்பொருள் வரைந்துவிடும். எனவே தொகுத்து முடித்த படத்தை மொத்தமாக மாற்றாமல், ஒவ்வொரு காட்சித் துண்டையும் தனியே மாற்றிப் பிறகு தொகுக்கவும். முடிந்த படம்தான் கையில் இருக்கிறது என்றால், காட்சி மாற்றத்தைக் கண்டறியும் அமைப்பை இயக்கிவிட்டு, எல்லா வெட்டுகளையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடவும்.

என் கருத்தில், 24 ஃபிரேமில் எடுத்த கதைப்படத்தை 60 ஆக்க இக்கருவிகளைப் பயன்படுத்துவது இல்லாத நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்வதைப் போன்றது. 30-ஐ 25 ஆக்குவது போன்ற வேறு வழியில்லாத மாற்றங்களுக்கே இவற்றை வைத்துக்கொள்ளலாம்.

பழைய டேப்பிலிருந்து எடுத்த வீடியோவில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரிகின்றன. இதை எப்படி மாற்றுவது?

அது இன்டர்லேஸ் முறை வீடியோ. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டை வரிகள் அடுத்த கணத்திலும் பதிவானவை. 25 ஃபிரேம் என்று கோப்பு சொன்னாலும், உண்மையில் அதில் 20 மில்லிநொடிக்கு ஒன்றாக 50 தனித்தனிக் கணங்கள் உள்ளன. பலரும் கோடுகளை நீக்கும்போது 25-ஆகவே வெளியிட்டு, அசைவில் பாதியை இழந்துவிடுகிறார்கள். பழைய குடும்ப வீடியோக்கள் 'கணினியில் ஏற்றியதும் உயிர் போய்விட்டது' என்று தோன்றுவதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு அரை ஃபிரேமையும் முழு ஃபிரேமாக்கி 50 ஃபிரேமாக வெளியிடவும்; 29.97 வகையானால் 59.94. 'யாடிஃப்', 'பிவடிஃப்' ஆகிய கோடு நீக்கும் வடிகட்டிகளுக்கு இந்த அமைப்பு உண்டு. நேரமும் பொறுமையும் இருந்தால் 'கியூடிஜிஎம்சி' இன்னும் தெளிவாகச் செய்யும்.

எந்த வரித்தொகுதி (ஒற்றை வரிகளா, இரட்டை வரிகளா) முதலில் என்ற வரிசையைத் தவறாகக் கொடுத்தால், அசையும் பொருள்கள் இரண்டடி முன்னே ஓரடி பின்னே என ஆடும். வரிசையை மாற்றிக் கொடுத்தாலே சரியாகிவிடும்.

திரைப்படத்திலிருந்து 29.97-க்கு மாற்றிப் பதிந்த டேப்பானால் கதை வேறு. ஐந்து ஃபிரேமில் மூன்று தெளிவாகவும் இரண்டு கோடுகளோடும் மாறி மாறி வந்தால் அதுவே அடையாளம். அங்கே கோடுகளை நீக்கக் கூடாது. வரித்தொகுதிகளை மறுபடி பொருத்தி மூல 23.976 ஃபிரேம்களை மீட்க வேண்டும். வேறெந்த மாற்றமும் அதன் பிறகுதான்.

கட்டளை எழுதி வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவியைப் பயன்படுத்துகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

வீதத்தைக் குறிக்கும் 'ஆர்' விருப்பம் கட்டளையில் எந்த இடத்தில் வருகிறது என்பதே. உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன் வந்தால், கோப்பிலுள்ள நேரக்குறிப்புகளைப் புறக்கணித்து, ஃபிரேம்களை நீங்கள் சொன்ன வீதத்தில் புதிதாக அடுக்கும், வேகம் மாறும். வெளியீட்டுக் கோப்பின் பெயருக்கு முன் வந்தால் வேகம் மாறாது. ஃபிரேம்கள் எறியப்படும் அல்லது இரட்டிக்கும். 'எஃப்பிஎஸ்' வடிகட்டி இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது, 'ஃபிரேம்ரேட்' கலக்கிறது, 'மின்டர்பொலேட்' அசைவைக் கணித்து வரைகிறது. பின்ன வீதங்களை 23.98 என்று எழுதாமல், 24000-க்குக் கீழே 1001 என்ற பின்னமாகவே கொடுக்கவும்.

எடிட்டிங் மென்பொருளில் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

டைம்லைனின் வீதத்தை. பெரும்பான்மைக் காட்சிகள், அதிலும் ஒலியோடு பயன்படும் காட்சிகள், எந்த வீதத்தில் உள்ளனவோ அதையே தேர்ந்தெடுங்கள். ரிசால்வில் காட்சிகளைச் சேர்த்த பிறகு திட்டத்தின் வீதத்தை மாற்ற முடியாது என்பதால் இது முதல் வேலை. பிரீமியரில் ஒரு துண்டை வேறு வீதமாகக் கருதச் சொல்லும் 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்' அமைப்பும், ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' அமைப்பும் மேலே சொன்ன வேக மாற்றத்தைச் செய்கின்றன. தொகுத்த பிறகு ஏற்றுமதிப் பெட்டியில் வேறு வீதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஏற்படும் திக்கலை டைம்லைனில் எவ்வளவு தேடினாலும் காண முடியாது.

மாற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் கேமரா திரும்பும் காட்சிகள் அதிர்கின்றனவே?

24 ஃபிரேமுக்கு இயல்பான எல்லை அது. திரையின் ஒரு ஓரத்தில் நுழையும் பொருள் மறு ஓரத்தை அடைய ஏறத்தாழ ஏழு நொடியாவது ஆகும்படி கேமராவை மெதுவாகத் திருப்ப வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. ஷட்டர் நேரத்தையும் பாருங்கள். 24 ஃபிரேமுக்கு 48-இல் ஒரு பங்கு நொடி பொருத்தம். பட்டப்பகலில் கைபேசி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குப் போய்விட்டால், மங்கலே இல்லாத ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே குத்தித் தெரியும்.

குறை கோப்பில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்க்கும் கருவியே ஏமாற்றக்கூடும். 60 ஹெர்ட்ஸ் கணினித் திரையில் குறையற்ற 25 ஃபிரேம் வீடியோவும், அடுத்தடுத்த ஃபிரேம்கள் 2, 2, 3, 2, 3 முறை வரும் சமனற்ற வரிசையில்தான் காட்டப்படும். அந்த நடுக்கத்தைக் கண்டு மாற்றம் தோற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது. 25 ஃபிரேமைச் சோதிக்கும்போது திரையை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள்ளவும். தொலைக்காட்சியில் சோதிப்பதானால் அதன் அசைவு மென்மையாக்கும் அமைப்பை அணைக்கவும். இல்லையேல் அது தானாக ஃபிரேம்களை வரைந்து, இருக்கும் குறையை மறைத்துவிடும் அல்லது இல்லாத குறையைச் சேர்த்துவிடும்.

கோப்பை மட்டும் சோதிக்க வேண்டுமானால் ஓடவிடவே வேண்டாம். ஒரே வேகத்தில் எதாவது நகரும் ஒரு நொடியைத் தேர்ந்து, எடிட்டிங் மென்பொருளில் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். விசையை அழுத்தியும் படம் அசையாவிட்டால் அது இரட்டித்த ஃபிரேம். வழக்கத்தைவிட இருமடங்கு தாவினால் அங்கே ஒன்று எறியப்பட்டிருக்கிறது. அத்தகைய இடங்களுக்கு இடையே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு ஒருமுறை தாவினால், யாரோ எங்கோ 30-ஐ 25 ஆக்கியிருக்கிறார்கள். நான்குக்கு ஒருமுறையானால் 24. இரட்டித்த ஃபிரேம் ஐந்துக்கு ஒன்றாக வந்தால் 24-ஐ 30 ஆக்கிய கோப்பு அது. இந்தக் கடைசி வகையில் மூல ஃபிரேம்கள் அனைத்தும் உள்ளேயே இருப்பதால், இரட்டித்தவற்றை மட்டும் நீக்கி 24-க்குத் திரும்பினால் பழைய ஓட்டம் அப்படியே கிடைத்துவிடும்.